மேற்றிராணியார் அதிகாரம்: அதன் தோற்றமும் எல்லையும்

கிறித்தவ திருச்சபையின் தலைமைக் குருவை ஈழத்துத் தமிழர் பல பெயரால் வழங்குவர். கத்தோலிக்கர் மேற்றிராணியார் என்றனர். பின்னர் ஆயர் என்றனர். சீர்திருத்த சபையினர் அத்தியட்சர் என்றும் பேராயர் என்றும் கூறுவர். மேற்றிராணி என்பது, செவிக்கு அரசியொருத்தியை நினைவூட்டினும், சீரிய மொழிச் சொல்லாகிய மெத்ரான் என்பது மலையாள நாட்டு வழியாக வந்து திரிந்த வடிவமேயாம். இச்சொற்கள் யாவற்றுக்கும் மூலமாக நிற்பது எப்பிஸ்கோப்பொஸ் என்னும் கிரேக்கச் சொல். மேலிருந்து பார்ப்பவன் என்பது அதன் பொருள். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் இதனைக் கண்காணி என்றே பெயர்த்தனர். தேயிலைத் தோட்டத்துக் கண்காணியை அறிந்த இந்நாட்டவர்க்கு அம்மொழிபெயர்ப்பு நகைப்பை விளைக்கலாம்; எனினும் சொற்பொருளை நோக்குமிடத்து அதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்தல் அரிது.

ஒரு மனிதன் பிறர் ஆன்மாக்களின்மேற் கண்காணியாயிருத்தற்கு உரிமை எங்கிருந்து வருகின்றது? முன்னோர் கைவைத்து வழங்கிய பரம்பரையினின்றா? அவனைத் தெரிந்தெடுத்த மக்களினின்றா? அன்றி, அரசனது ஆணையினின்றா? பத்தொன்பது நூற்றாண்டுகளாகத் திருச்சபையைக் கலக்கிய பிணக்குகளுட் பல இவ்வொரு வினாவினின்றும் கிளைத்தவை.

ஆதியில் இவ்வதிகாரம் ஒருவர் கையில் இருந்ததாகத் தோன்றவில்லை. பவுல் பிலிப்பி நகர்ச் சபைக்கு வரைந்த நிருபத்தின் தொடக்கத்திலே கண்காணிகள் எனப் பன்மையிற் கூறுகின்றார். அப்போஸ்தலர் நடபடிகளிலோ, எபேசு நகரின் மூப்பர் என அழைக்கப்பட்டோரே சில வசனங்களின்பின் கண்காணிகள் எனவும் படுகின்றனர். மூப்பரும் கண்காணியும் வேறல்லர் என்பது இதனாற் பெறப்படும். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்றான் நிலைமை மாறுகின்றது. மரணதண்டனை விதிக்கப்பெற்று அந்தியோக்கியாவிலிருந்து உரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட இஞ்ஞாசியார், வழியிலே ஏழு கடிதங்கள் எழுதினார். ஒரு நகரத்துக்கு ஒரு மேற்றிராணி, அவரைச் சூழ மூப்பர், அவர்க்குக் கீழ்த் தியாக்கோனர் என்னும் மூவகை ஒழுங்கை அவர் ஓயாது வற்புறுத்துகின்றார். அங்ஙனம் ஓயாது வற்புறுத்துதலே, அவ்வொழுங்கு இன்னும் எங்கும் வேரூன்றவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. உரோமைச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அவர் அந்நகர் மேற்றிராணியாரைக் குறிப்பிடாமையும் நோக்கற்பாலது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு தேவை எழுந்தது. யேசுநாதர் தம் மாணாக்கர் சிலர்க்கு மறைவாக உபதேசித்த ஞானம் தம்மிடம் உண்டெனக் கூறிப் பலர் புதுக் கொள்கைகளைப் பரப்பினர். லியோன் நகர் மேற்றிராணியாராகிய இரேனேயு, ஏறக்குறைய கி. பி. 180இல், இவர்க்கு விடை கூறுமுகத்தால், அப்போஸ்தலர் முதலாகத் தம் காலம் வரை உரோமைச் சபையை நடத்தியோரின் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டினார். மறைவான உபதேசம் ஒன்றிருப்பின் அது இவர்களுக்கன்றோ கிடைத்திருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். சைவ சித்தாந்த நெறியிற் குருபரம்பரை பெறும் இடத்தை அறிந்தார்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சைவ ஆதீனங்களிலே குருமகாசந்நிதானம் தமக்குப் பின் வருவாரைத் தாமே குறித்தல் மரபு. திருச்சபையிலோ, மேற்றிராணியார் ஒருவர் தம் வாரிசைத் தாமே நியமித்தலாகாதென நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவிற் கூடிய சங்கம் விதித்தது. பரம்பரை மேலிருந்து வந்தாலும், ஆள் அச்சபையினின்றும் அயற்சபைகளின் இசைவோடும் வருதல் வேண்டும் என்பது கருத்து.

இவ்விரு கூறுகளும் ஒன்றோடொன்று மோதியும் இணைந்தும் நின்ற தன்மையைக் காண்பதற்கு, வட ஆபிரிக்காவின் கார்த்தேசு நகர் மேற்றிராணியாராகிய சிப்பிரியானின் வரலாற்றினும் சிறந்த உதாரணம் இல்லை. செல்வக் குடியிற் பிறந்து, சொற்கலை ஆசிரியராய் விளங்கிய அவர், நடுவயதிலே கிறித்தவரானவர். ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 248ஆம் ஆண்டளவில், பொதுமக்களின் ஆரவாரத்தால் மேற்றிராணியாரானார். மூப்பருள் ஐவர் அதனை எதிர்த்தனர்; அவ்வெதிர்ப்பு என்றும் ஓய்ந்திலது.

249ஆம் ஆண்டின் இறுதியிலே தேசியசு என்னும் பேரரசன், தன் ஆணைக்குட்பட்ட யாவரும் தேவர்க்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சிப் பத்திரம் பெறல் வேண்டுமெனக் கட்டளையிட்டான். அத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலினின்றும் எடுக்கப்பட்டுள்ளன. கார்த்தேசிலே திரளான கிறித்தவர் தாமாகவே விரைந்து சென்று பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணங்கொடுத்துப் பத்திரம் வாங்கினர். சிலர் மறுத்துச் சிறை புகுந்தனர். சிப்பிரியானோ நகரை விட்டகன்று மறைவாயிருந்து கடிதங்களாற் சபையை நடத்தினார். அதே காலத்தில் உரோமை மேற்றிராணியார் பபியான் உயிர் துறந்தார் என்னும் செய்தி, சிப்பிரியானின் பகைவர்க்கு வாய்ப்பாயிற்று. மேய்ப்பன் ஓடினான் என்று அவர்கள் தூற்றினர்.

அடுத்து நிகழ்ந்ததே அதிகாரம் பற்றிய உண்மைச் சோதனை. தவறியோர் மீண்டும் சபையிற் சேர விரும்பினர். சிறையிலும் சித்திரவதையிலும் தளராது நின்ற உறுதியாளரிடம் அவர்கள் சென்றனர். கிறித்துவுக்காகத் துன்புற்றோர் பிறர் பாவத்தை மன்னிக்கும்படி பரிந்துரைக்கலாம் என்பது அந்நாட்டவர் நம்பிக்கை. உறுதியாளரும் மன்னிப்புச் சீட்டுக்களைத் தாராளமாக வழங்கினர். இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும் என எழுதப்பட்ட சீட்டுக்களும் இருந்தன. ஒரு சீட்டால் எத்தனை பேர் சபைக்குள் நுழையலாம் என்பதற்கு எல்லையே இல்லை.

இங்கு இரு வகை அதிகாரம் எதிரெதிர் நின்றது. ஒன்று, துன்பத்தாற் பெற்ற தவவலிமை. மற்றொன்று, பதவியாற் பெற்ற பொறுப்பு. சிப்பிரியானிடம் அப்பொழுது முதலாவது இல்லை. ஓடியவர் என்ற பழியே இருந்தது. ஆயினும் அவர் தம் நிலையை விட்டாரல்லர். மன்னித்தல் மேற்றிராணியாரின் ஆராய்வுக்குப் பின்னரே ஆகும் என்றார். அதேவேளையிலே, தாமே தனித்து முடிவு செய்யவும் அவர் துணிந்திலர். மூப்பரின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தம் சொந்த எண்ணப்படி எதனையும் செய்வதில்லை எனப் பதவியேற்ற நாள் முதல் தாம் உறுதி கொண்டதாகத் தம் குருமாருக்கு எழுதினார்.

251இல் அவர் நகருக்கு மீண்டு, ஆபிரிக்க மேற்றிராணிமாரைச் சங்கமாகக் கூட்டினார். பத்திரம் மட்டும் வாங்கியோர் ஒவ்வொருவராக ஆராயப்பட்டுச் சேர்க்கப்படலாம். பலியிட்டோர் தவஞ்செய்தல் வேண்டும், மரணத் தறுவாயில் அவர்க்கும் மன்னிப்பு உண்டு எனச் சங்கம் தீர்த்தது. ஈராண்டுள், மறுபடி துன்பம் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, தவஞ்செய்த யாவரையும் சேர்த்துக்கொண்டனர். தம் கண்டிப்பைத் தாமே தளர்த்த அவர் நாணவில்லை. கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபொழுது, கிறித்தவரல்லாதார்க்கும் தொண்டு செய்யுமாறு அவர் தம் மக்களை ஏவியதும் இக்காலத்தே.

பின்னர், உரோமை மேற்றிராணியாராகிய ஸ்தேவானுடன் பிணக்கு நேர்ந்தது. சபையைப் பிரிந்து சென்றோர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்பதே வழக்கு. செல்லும் என்றார் ஸ்தேவான். பேதுருவின் ஆசனத்துக்குரியவர் என்ற தகுதியையும் எடுத்துக் கூறினார். செல்லாது என்றார் சிப்பிரியான். 256ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி கார்த்தேசிற் கூடிய சங்கத்திலே 87 மேற்றிராணிமாரின் கருத்துக்கள் பதிவாயின. தம்முள் எவரும் தம்மை மேற்றிராணிகளுக்கு மேற்றிராணியாக ஆக்கிக்கொள்வதில்லை எனச் சிப்பிரியான் அங்கே கூறினார். அச்சொல்லின் கூர் எத்திசை நோக்கியது என்பது எவர்க்கும் விளங்கிற்று. பிற்காலத் திருச்சபை ஞானஸ்நானப் பொருளில் ஸ்தேவானின் கொள்கையையே ஏற்றது. வழக்கிற் சிப்பிரியான் தோற்றாரெனினும், மேற்றிராணிமார் அனைவரும் கூடி ஒரே பதவியைத் தாங்குகின்றனர் என்னும் அவர் கொள்கை மறையவில்லை. 258ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, இம்முறை மறைந்தோடாமல், தம் மக்கள் கண்முன்னே அவர் வாளுக்கு இரையானார். எட்டாண்டுக்கு முன் எழுந்த பழி அன்று அடங்கியது.

நான்காம் நூற்றாண்டிலே கொன்சுதந்தீன் மன்னன் கிறித்தவத்தை ஆதரிக்கவே, மேற்றிராணியார் அரசியலிலும் ஓர் அங்கமாயினர். 325இல் நீசேயாவிற் கூடிய சங்கம், புதிய மேற்றிராணியார் ஒருவரை மாகாணத்து மேற்றிராணிமார் அனைவரும், இயலாதவிடத்துக் குறைந்தது மூவரேனும் கூடி நிலைநிறுத்தல் வேண்டும் என்றது. வழக்காளிகளின் உரிமை வழக்குக்களைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்கள்மேல் வந்தது. காணிச் சண்டைகளைக் கேட்டே தம் காலைப்பொழுது கழிகின்றதென அகுஸ்தீனார் போன்ற பேரறிஞரும் அலுத்துக்கொண்டனர்.

அரசன் முன் மேற்றிராணியார் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதற்கு மிலான் நகர் அம்புரோசியாரைக் காட்டுதல் வழக்கம். மாகாண அதிபதியாயிருந்த அவர், 374இல் மேற்றிராணியார் தெரிவின்போது எழுந்த கலகத்தை அடக்கச் சென்றவிடத்து, ஞானஸ்நானமே பெறாத நிலையில் மக்களால் மேற்றிராணியாராகத் தெரியப்பட்டார். 390இல், தெசலோனிக்கே நகரிலே படைத்தலைவன் ஒருவனை மக்கள் கொன்றதற்குப் பழியாகத் தியோடோசியசு பேரரசன் ஆயிரக்கணக்கானோரை வெட்டுவித்தான். தவஞ்செய்தாலன்றித் தாம் அவனுக்குத் திருப்பலி நிறைவேற்ற இயலாதென அம்புரோசியார் தம் கைப்பட எழுதினார். பேரரசன் முடியும் அணியும் களைந்து தவஞ்செய்தான். கோயில் வாயிலிலே அவர் அவனைத் தடுத்து நிறுத்தினாரென்பது பிற்காலத்தார் புனைந்த காட்சி, கடிதமே உண்மை.

இந்நிகழ்ச்சியைப் போற்றுவோர் ஈராண்டுக்கு முன் நிகழ்ந்த மற்றொன்றை மறந்துவிடுவர். 388இல், யூப்பிரத்தீசு நதிக்கரைக் கலினிக்கம் என்னும் ஊரிலே, அவ்வூர் மேற்றிராணியாரின் தூண்டுதலாற் கிறித்தவக் கும்பலொன்று யூதரின் செபக்கூடத்தைத் தீயிட்டது. அதனை அம்மேற்றிராணியாரே மீளக் கட்டிக்கொடுத்தல் வேண்டும் எனத் தியோடோசியசு நீதியான ஆணை பிறப்பித்தான். அம்புரோசியார் அதனை எதிர்த்து, ஆலயத்தில் அரசன் முகத்துக்கு நேரே பேசி, அவ்வாணையை மீளப்பெறச் செய்தார். ஒரே மனிதர், ஒரே அதிகாரம், ஒரே துணிவு. ஒரு முறை கொலையுண்டோர்க்காகவும், ஒரு முறை வழிபாட்டிடத்தை எரித்தவர்க்காகவும் அது பயன்பட்டது. கண்காணியைக் கண்காணிப்பார் யார் என்ற கேள்வி இங்கே எழாமற் போகாது.

மத்திய காலத்திலே மேற்றிராணியார் பெருநிலக்கிழாராயினர். அரசர் அவர்களைத் தம் விருப்பப்படி நியமித்து, மோதிரமும் கோலும் கொடுத்தனர். பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் இதனைத் தடுக்க, ஜேர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி 1077 சனவரியிற் கனோசாக் கோட்டை வாயிலிலே பனியில் நிற்க நேர்ந்தது. 1122இல் வேர்ம்சு நகரில் உடன்பாடு ஏற்பட்டது: மோதிரமும் கோலும் திருச்சபையின் கை, நிலவுரிமைக்கு அறிகுறியான செங்கோல் மன்னன் கை. இப்பிணக்கிலே, சிப்பிரியான் மதித்த மக்களின் இசைவு எவர் நினைவிலும் நின்றதாகத் தெரியவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவிற் கல்வினும் அவர் வழியினரும் மேற்றிராணியார் பதவியையே நீக்கி, ஆதியிலிருந்ததெனத் தாம் கொண்ட மூப்பர் ஆட்சிக்கு மீண்டனர். இங்கிலாந்து அதனை வைத்துக்கொண்டது. உள்நாட்டுப் போரின்போது 1646இற் பாராளுமன்றம் அதனை ஒழிக்க, 1660இல் அரசன் மீண்டபின் அதுவும் மீண்டது. கத்தோலிக்க திருச்சபையிலோ, 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் மேலாட்சியை வரையறுத்தது; 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பாப்பரசரோடு ஒன்றியவிடத்து மேற்றிராணிமார் குழு முழுவதற்கும் திருச்சபை அனைத்தின்மீதும் அதிகாரம் உண்டெனக் கூறிற்று.

இவ்வினா யாழ்ப்பாணத்தையும் ஒரு நாள் வந்தடைந்தது. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் சமய முன்னோர், மேற்றிராணியார் ஆட்சியை வெறுத்து இங்கிலாந்தை விட்டகன்றவர்கள். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் என்பது அவர் கொள்கை. அவர்கள் நாட்டிய சபை நூற்றுமுப்பதாண்டுக் காலம் மேற்றிராணியார் இன்றியே வாழ்ந்தது. 1947 செப்டெம்பர் 27ஆம் திகதி, ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர் முதலியோர் இணைந்து தென்னிந்திய திருச்சபை தோன்றியபோது, அச்சபையும் அதிற் சேர்ந்தது. சென்னையில் அன்று அபிடேகம் பெற்ற பேராயருள், தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைப் பின்னாளில் எழுதிய சபாபதி குலேந்திரன் அவர்களும் ஒருவர். அவரது ஆட்சிப் பரப்புக்கு இட்ட தமிழ்ப்பெயர் யாழ்ப்பாண ஆதீனம் என்பதாம்.

இணைப்புக்கு முன் இருபத்தெட்டாண்டு பேச்சு நடந்தது. மேற்றிராணியார் கைவைக்காது குருவானோரின் குருத்துவம் செல்லுமா என்பதே பெருந்தடை. செல்லும் எனவும், அவர்கள்மேல் மீண்டும் கைவைத்தல் வேண்டா எனவும், இனி வருவோர் மட்டும் பேராயரிடமே அபிடேகம் பெறுக எனவும் முடிந்தது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கருள் ஒரு சாரார் இதனைப் பொறாது, பரம்பரை அறுந்தது என்றனர். யாழ்ப்பாணத்துச் சபையாரோ, பேராயர் பதவியை ஏற்றபோதும், அது சட்டவரம்புக்குட்பட்டதாயிருத்தல் வேண்டும் என்பதை விடவில்லை. பேராயரைத் தெரிவதிற் குருமாருக்கும் பொதுமக்கட் பிரதிநிதிகளுக்கும் பங்கு உண்டு. தெரியப்பட்டவர் தலைமீது கைவைத்து அபிடேகஞ் செய்வோர் பேராயரே.