சென்னையைவிட மாலத்தீவுதான் பக்கம்... திருவனந்தபுரத்தின் கால்பந்துக் கதை தெரியுமா?

திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியில் சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். சுமார் 625 கிலோமீட்டர். அங்கிருந்தே அரபிக்கடலைத் தாண்டி மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு? சுமார் 610! ஆமாம், கேரளத் தலைநகருக்கு நம் சென்னையைவிட மாலேதான் கொஞ்சம் கிட்டே. கொழும்பு இன்னும் பக்கம், ஏறக்குறைய 370 கிலோமீட்டர். டெல்லிக்குப் போகத்தான் 2,200 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்.

இந்தியாவின் தென்கோடி என்று நாம் நினைக்கிற இந்த ஊருக்குத்தான் தெற்காசியாவின் தேசிய அணிகள் ஒருமுறை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கின. 2015 டிசம்பர் 23 முதல் 2016 ஜனவரி 3 வரை, தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சாம்பியன்ஷிப். சுருக்கமாகச் சாஃப் கோப்பை. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அதற்குள் வந்துபோயின. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் எத்தனை அதிசயங்கள்!

முதலில் கோப்பையின் பூர்வீகம். 1993-ல் லாகூரில் 'சார்க் தங்கக் கோப்பை' என்ற பெயரில் தொடங்கியது; முதல் கோப்பை இந்தியாவுக்கு. அடுத்ததை யார் வென்றார்கள் தெரியுமா? இலங்கை! 1995-ல் கொழும்பில், கூடுதல் நேரத்தில் இந்தியாவை 1-0 என்று வீழ்த்தி. கிரிக்கெட்டில் அவர்கள் உலகக் கோப்பையைத் தூக்கியது மறு வருடம்தான், 1996-ல். இலங்கை தெற்காசியக் கால்பந்து சாம்பியனாக இருந்தது என்ற விஷயமே நம்மில் பலருக்கு எட்டவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1997-ல் காத்மாண்டுவில் இந்தியா கோப்பையை மீட்டபோது அதிக கோல் போட்டவர் ஒரு மலையாளி. திருச்சூர் மைதானத்தில் சிறுவனாகச் சோடா விற்ற ஐ.எம். விஜயன், ஆறு கோல்.

சரி, திருவனந்தபுரத்துக்கு வருவோம். எட்டு அணிகள் ஆடியிருக்க வேண்டிய போட்டியில் ஆடியவை ஏழு. பாகிஸ்தான் விலகிவிட்டதால் ஒரு பிரிவில் நான்கு அணி, இந்தியா இருந்த பிரிவில் மூன்றே மூன்று: இந்தியா, இலங்கை, நேபாளம். மூன்று அணிப் பிரிவு பார்க்கச் சுலபமாகத் தோன்றும். உள்ளே போனால்தான் கத்தி தெரியும். ஆளுக்கு இரண்டே ஆட்டம், ஒன்றில் சறுக்கினாலும் கதை முடியலாம். முதல் ஆட்டத்தில் இலங்கை நேபாளத்தை 1-0 என்று வென்றது. கிறிஸ்துமஸ் அன்று இந்தியா இலங்கையை 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் ராபின் சிங் போட்டவை. நமக்குத் தெரிந்த கிரிக்கெட் ராபின் சிங் வேறு, இவர் வேறு! அடுத்து நேபாளம் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே இந்தியாவுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டது. அது அப்படியே முடிந்திருந்தால் மூன்று அணிக்கும் தலா 3 புள்ளி, மூன்றும் ஒரே கோட்டில்! ரவுலின் போர்ஜஸ் சமன் செய்தார், கேப்டன் சுனில் சேத்ரி முன்னிலை தந்தார், கடைசி நிமிடங்களில் 18 வயதுப் பையன் ஒருவன் இரண்டு கோலை அடுத்தடுத்து அடித்தான். 4-1.

அந்தப் பையன் மிசோரத்திலிருந்து வந்த லால்லியன்சுவாலா சாங்டே. பெயரை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கதைக்குள் சென்னைப் பெருவெள்ளம் இருக்கிறது! 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கி ஊரே மூழ்கியதே, அப்போது இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லாமல் போனது. சென்னையின் எஃப்சி தன் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் புணேயில் ஆடியது. ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார்? 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த மார்கோ மட்டராஸி! டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கோவா 2-1 என்று முன்னால். அரங்கமே கொண்டாடத் தொடங்கிவிட்ட அந்த வேளையில் கோவா வலைக்குள் இரண்டு கோல் விழ, சென்னை 3-2 என்று கோப்பையைப் பறித்துக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் நொந்துபோயிருந்த ஊருக்கு அந்த வருடம் வந்த நல்ல சேதிகளில் அது ஒன்று.

அந்தச் சென்னை அணியின் முன்கள வீரர் ஜெஜெ லால்பெக்லுவா, இவரும் மிசோரம்காரர்தான். மூன்றே நாளில் திருவனந்தபுரத்தில் சாஃப் கோப்பை தொடங்கியது. டிசம்பர் 31, ஊரெல்லாம் புத்தாண்டை எதிர்பார்த்து நிற்க, அரையிறுதியில் இந்தியாவும் மாலத்தீவும். இந்தியா 3-2. சேத்ரி ஒன்று, ஜெஜெ இரண்டு!

மாலத்தீவைச் சின்னத் தீவுக்கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் இதே இந்தியாவை இறுதியில் 1-0 என்று வென்று கோப்பையை எடுத்துப்போனவர்கள். 2013-ல் அவர்களுடைய அலி அஷ்ஃபாக் ஒரே தொடரில் பத்து கோல் போட்டார். அதில் ஆறு, இலங்கைக்கு எதிரான ஒரே ஆட்டத்தில்! மருத்துவத்துக்கும் படிப்புக்கும் மாலத்தீவு மக்கள் காலங்காலமாக வந்துபோகிற ஊர் திருவனந்தபுரம். அவர்களுக்கு இது அந்நிய மண்ணே அல்ல.

ஆனால் அந்தத் தொடரின் சூறாவளி மாலத்தீவு அல்ல, ஆப்கானிஸ்தான். வங்கதேசத்தை 4-0, பூடானை 3-0, மாலத்தீவை 4-1, அரையிறுதியில் இலங்கையை 5-0. நான்கு ஆட்டம், 16 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று! போரால் சிதறிய நாடு இப்படியொரு அணியை எப்படித் திரட்டியது? பதில் அந்தச் சிதறலுக்குள்தான் இருக்கிறது. அகதிகளாய்ப் போன குடும்பங்களின் பிள்ளைகள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கிளப் கால்பந்து பழகி, பெற்றோரின் தேசத்துக்காக ஆட வந்தார்கள். 2013-ல் காத்மாண்டு இறுதியில் இந்தியாவை 2-0 என்று வென்று தங்கள் முதல் சர்வதேசக் கோப்பையை அவர்கள் தூக்கியபோது, காபூல் வீதிகளில் மக்கள் வானை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடினார்கள். அந்த நகரத்தில் துப்பாக்கிச் சத்தம் மகிழ்ச்சிக்காகக் கேட்ட ராத்திரி அது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மனதைப் பிசைகிற இடம் இதுதான்.

எதிரே நின்ற இந்திய அணியின் நிலைமை? 2015 மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் 173-வது இடம். ஜூனில் பசிபிக் கடலிலுள்ள குவாம் என்ற குட்டித் தீவிடம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 1-2 என்று தோல்வி. குவாமின் மொத்த ஜனத்தொகை இரண்டு லட்சம்கூட இல்லை! பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பழைய முகங்களை ஓரங்கட்டி, சின்னப் பையன்களைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்திருந்தார்.

2016 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. காரியவட்டம் அரங்கம். 2011-ல் டெல்லியில் இந்தியா 4-0, 2013-ல் காத்மாண்டுவில் ஆப்கானிஸ்தான் 2-0, இப்போது மூன்றாம் முறை. தொடர்ந்து மூன்று இறுதியிலும் இதே இரண்டு அணிகள்! முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியும் நகர்ந்துகொண்டே போகிறது. 70-வது நிமிடம், ஆப்கானிஸ்தானின் ஜுபைர் அமிரி அடித்தார்: 0-1. அதுவரை அந்தத் தொடரில் ஆப்கானிஸ்தானை யாரும் வென்றதில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்த கூட்டம் மறுபடி எழுந்து நிற்க இரண்டே நிமிடம்தான் ஆனது. 72-வது நிமிடம், ஜெஜெ! 1-1.

தொண்ணூறு நிமிடம் முடிந்தும் முடிவில்லை. கூடுதல் நேரம். இரண்டு பக்கமும் கால்கள் பின்ன ஆரம்பிக்கிற கட்டம். ஐரோப்பியக் கிளப்களில் வளர்ந்த உடல்கள் கடைசியில் நம்மவர்களை மிஞ்சிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. 101-வது நிமிடத்தில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பினார். 2-1! மீதி நிமிடங்களை இந்தியத் தற்காப்பு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. இந்தியாவுக்கு ஏழாவது முறையாகக் கோப்பை.

அன்று இரவு ஆப்கானிஸ்தான் தோற்று மட்டும் போகவில்லை. தெற்காசியக் கால்பந்தை விட்டே போனது! 2015-ல் ஈரான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற நாடுகளுடன் சேர்ந்து மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கத்தை அவர்கள் தொடங்கியிருந்தார்கள். காபூலிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கேரள ஊரில்தான் சாஃப் கோப்பையில் ஆப்கானியரின் கடைசி ஆட்டம் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 173-ல் கிடந்த இந்தியா 2017 ஜூலையில் 96-வது இடம்! 2019 ஜனவரி 6, அபுதாபியில் ஆசியக் கோப்பை. தாய்லாந்தை இந்தியா 4-1 என்று நொறுக்கியது. சேத்ரி இரண்டு, மாற்று வீரராக இறங்கிய ஜெஜெ ஒன்று. ஜெஜெ இன்று எங்கே தெரியுமா? 2023-ல் மிசோரம் தேர்தலில் நின்று தெற்கு துய்புய் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்! மனதில் வைக்கச் சொன்ன சாங்டே? அதே 2023-ல் பெங்களூரில் சாஃப் இறுதி, விருந்தாளியாக வந்த குவைத் 1-0 என்று முன்னால். கண்ணூர் மாவட்டத்து சஹல் அப்துல் சமத் பந்தைத் தட்டிக் கொடுக்க, சாங்டே சமன் செய்தார். பெனால்டியில் இந்தியா வென்றது, ஒன்பதாவது முறை.

காரியவட்டம் அரங்கம்? கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. டெக்னோபார்க் பக்கத்திலேயே. பிற்பாடு கிரிக்கெட் அதை எடுத்துக்கொண்டது. 2023 ஜனவரி 15 அன்று இந்தியா இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் வென்றது அங்கேதான். ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அப்போது உலகிலேயே மிகப் பெரிய வெற்றியாக இருந்தது அது. பெருமைதான். ஆனாலும் அத்தனை பெரிய அரங்கத்தில் தேசியக் கால்பந்து அணி மறுபடி ஆட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

ஏனென்றால் இந்த ஊரின் கால்பந்து அரங்கத்துக்குள் பிறந்ததல்ல, கடற்கரையில் பிறந்தது. நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, நீரோடி என்று கரையோரமாகவே போனால் எல்லை தாண்டியதே தெரியாமல் பொழியூர் வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர் கரைதானே! மீன்பிடிக் கிராமமான பொழியூர், மாநில அணிகள் மோதும் தேசியக் கோப்பையான சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கும் ஊர். 2018-ல் கொல்கத்தாவிலேயே வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கேரளம் கோப்பையை எடுத்தபோது அணியில் இருந்த சீசன் இந்த ஊர்க்காரர்.

கடல் மணலில் ஆட்டம் எப்படி நடக்கும் என்று உற்றுப் பாருங்கள். வலை காயப்போட்டிருக்கும், வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும், நடுவில் கிடைத்த இடம்தான் களம். பூட்ஸ் கிடையாது. மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். ஆகவே கால்விரலால் கிளப்பி, அந்தரத்திலேயே அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். ஓடினால் பாதம் புதையும். அதிலேயே ஓடி வளர்ந்த காலுக்குப் புல்தரை பஞ்சு மெத்தை. திருவனந்தபுரம் வெட்டுக்காட்டுக் கரையின் ஜாபி ஜஸ்டின் 2018 டிசம்பரில் கொல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்காலின் சட்டை போட்டு, அதே ஊர்ப் போட்டியாளரான மோகன் பகானுக்கு எதிராக உடலை அந்தரத்தில் கிடத்தி அடித்தாரே ஒரு கோல், கொல்கத்தா அதை இன்னும் பேசுகிறது. பிறகு அவர் நம் சென்னையின் எஃப்சிக்கும் வந்து ஆடினார்.

நம் பக்கத்துக் கரையும் சளைத்ததில்லை. குமரியின் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனார். அவர் அண்ணன் மைக்கேல் ரெஜின், 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடியவர். கேரளத்துக்கு 1973-ல் முதல் சந்தோஷ் டிராபி கிடைத்தபோது பயிற்சியாளராக இருந்தவர் யார் தெரியுமா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய நம் தமிழர், சைமன் சுந்தரராஜ்!

2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. தலைநகருக்கென்று 'திருவனந்தபுரம் கொம்பன்ஸ்' என்ற அணி வந்தது, பிரேசில் ஆட்டக்காரர்களோடு. முதல் வருடமே அரையிறுதி! சொந்த மைதானம் காரியவட்டம் அல்ல, ஊரின் நடுவே பாளையத்திலுள்ள பழைய சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடம்தான். நாகர்கோவிலிலிருந்து மத்தியானம் கிளம்பினால்கூட ராத்திரி ஆட்டம் பார்த்துவிடலாம்.