சிறுகதையில் உடன்பிறப்பும் கழிவிரக்கமும்

உடன்பிறந்தாரிடை நிலவும் அன்பைப் போற்றாத இலக்கியம் எந்நாட்டிலும் இல்லை. காடேகிய தமையனின் பாதுகைகளை அரியணையில் ஏற்றித் தான் தவக்கோலம் பூண்டிருந்த பரதனை நாம் இளமை தொட்டே அறிவோம். ஆயினும் பாரதத்திலே வேறொரு காட்சி உண்டு. கர்ணன் தம் மூத்தோன் என்பது அவன் மாண்ட பின்னரே பாண்டவர்க்குத் தெரிய வருகின்றது. பகைவன் என்றெண்ணிக் கொன்றவன் உடன்பிறந்தான் என்று அறிந்தபோது, வென்ற போரே தருமனுக்குத் தோல்வியாகிவிடுகின்றது. பரதன் கதை நமக்கு வழி காட்டுவது. தருமன் கதை நம்மை உறங்கவிடாதது. உடன்பிறப்பைப் பற்றி எழுதப் புகுந்த இக்காலச் சிறுகதையாசிரியர் சிலர் தருமன் நின்ற இடத்திலேயே தம் கதைமாந்தரை நிறுத்தியிருக்கின்றனர். அத்தகைய கதைகள் இரண்டை இங்கு நோக்குவாம்.

கதைகளுட் புகுமுன் ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். குற்ற உணர்வு, கழிவிரக்கம் என்னும் இரண்டையும் வழக்கிலே நாம் ஒன்றாகவே கொள்கின்றோம். நுணுகி நோக்கின் அவை வேறு வேறாம். 'நான் தீது செய்தேன்' என்பது குற்ற உணர்வு. அது செயலை நோக்குவது. 'அப்பொழுது நான் திரும்பிப் பார்த்திருக்கலாமே' என்பது கழிவிரக்கம்; அது காலத்தை நோக்குவது. முன்னதற்குத் தண்டனை உண்டு, மன்னிப்பும் உண்டு. பின்னதற்கு அவையிரண்டும் மருந்தாகா. ஏனெனிற் கழிந்த கணம் மீள்வதில்லை. ஒரு கணத்தை மையமாகக் கொண்டு குவியும் இயல்புடையது சிறுகதை. ஆதலின் கழிவிரக்கத்தைச் சொல்லுதற்கு அதனினும் ஏற்ற இலக்கிய வடிவம் அரிது.

முதற்கதை, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஹேர்ஸ்ற் இயற்றியது. 1922ஆம் ஆண்டு வட கரோலைனாவிற் பிறந்து 2013இல் மறைந்த இவர், இசைப் பயிற்சி பெற்றவர். நெடுங்காலம் நியூயோர்க்கில் வங்கியொன்றிற் பணியாற்றியவர். 1960ஆம் ஆண்டு யூலை மாதம் 'அற்லாண்டிக் மந்த்லி' என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கதையே அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. 'செந்நிற அரிவாள்மூக்கன்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அரிவாள்போல் வளைந்த அலகும், செஞ்சுடர் போன்ற சிறகும் உடைய தென் அமெரிக்கப் பறவை ஒன்றின் பெயர் அது.

கதை சொல்பவன் தமையன். அவனுக்கு ஆறு வயதாயிருக்கும்போது தம்பி பிறக்கின்றான். சுருங்கிச் சிவந்த உடலும் பெரிய தலையுமாகப் பிறந்த அக்குழந்தை பிழையாது என்று எண்ணிய தந்தை, தச்சனைக் கொண்டு சிறிய சவப்பெட்டி ஒன்றையும் செய்வித்துவிடுகின்றார். குழந்தையோ பிழைத்துக்கொள்கின்றது. ஆனால் நடக்க இயலவில்லை. பின்னோக்கித் தவழும் அவனுக்கு, அவ்வாறே ஊரும் ஒரு பூச்சியின் பெயரைத் தமையன் சூட்டுகின்றான்: டூடில். ஓடவும் நீந்தவும் தன்னோடு மல்லுக்கு நிற்கவும் ஒரு தம்பி வேண்டுமென்று காத்திருந்தவனுக்கு, வண்டியில் வைத்து இழுத்துச் செல்லவேண்டிய தம்பி வாய்க்கின்றான். ஒருநாள் களஞ்சியத்தின் பரணிற் கிடந்த சவப்பெட்டியைக் காட்டி, அதனைத் தொட்டாலன்றித் தூக்கிச் செல்லமாட்டேன் என்று தம்பியை வருத்துகின்றான். தன்னை விட்டுச் செல்லவேண்டாம் என்று அப்பிள்ளை அன்று கதறும் கதறல் கதையின் முடிவில் மீண்டும் ஒலிக்கும்.

தம்பிக்கு ஐந்து வயதாகியும் நடை வரவில்லை. தமையனுக்கு அது வெட்கமாயிருக்கின்றது. எனவே ஒருவருக்கும் தெரியாமற் சதுப்புநிலக் காட்டிற்குக் கொண்டுசென்று நடை பழக்குகின்றான். தம்பியின் ஆறாவது பிறந்தநாளன்று வீட்டார் முன்னிலையில் அவனை நடந்து வரச் செய்கின்றான். பெற்றோர் மகிழ்ந்து மூத்தவனைத் தழுவுகின்றனர். அவனோ அழுகின்றான். ஏனெனில் தான் இதனைச் செய்தது தம்பியின் பொருட்டன்று, தன் வெட்கத்தின் பொருட்டே என்பதை அவன் ஒருவனே அறிவான். அன்பின் செயலும் அகந்தையின் செயலும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றுகின்றன. அகத்தே செய்தவனுக்கே வேறுபாடு தெரிகின்றது. இந்த ஒரு காட்சிக்காகவே இக்கதையை எத்துணை முறையும் படிக்கலாம்.

வெற்றி கண்ட அகந்தை அமைந்திருப்பதில்லை. பாடசாலை தொடங்குமுன் ஓட்டமும் நீச்சலும் ஏற்றமும் சண்டையும் தம்பிக்குக் கற்பித்துவிட வேண்டுமென்று தமையன் உறுதி பூணுகின்றான். அது 1918ஆம் ஆண்டு. முதலாம் உலகப் போரின் செய்திகள் அவ்வீட்டிற்கும் எட்டிக்கொண்டிருந்த காலம். கோடையின் இறுதியில் ஒருநாள், புயலால் அலைப்புண்டு வழிதவறிய செந்நிறப் பறவை ஒன்று அவர்கள் முற்றத்து மரத்தில் வந்திருந்து, கீழே வீழ்ந்து இறக்கின்றது. வீட்டாரெல்லாம் பார்த்திருக்க, டூடில் தனியனாய் அதனைப் புதைக்கின்றான். அன்று பிற்பகலிலும் பயிற்சி நிற்கவில்லை. திரும்பும் வழியில் இடியும் மழையும் சூழ்கின்றன. தன் திட்டம் தோற்றது என்னும் சினத்தால் தமையன் முன்னே ஓடுகின்றான். விட்டுச் செல்லாதே என்னும் குரல் பின்னே கேட்கின்றது. அவன் நிற்கவில்லை. சினம் தணிந்து திரும்பி வந்தபோது, செடியொன்றின் கீழ்த் தம்பி சுருண்டு கிடக்கின்றான்; வாயிலிருந்து வழிந்த குருதியாற் சிவந்து, அப்பறவை கிடந்தவாறே கிடக்கின்றான்.

இவ்வினப் பறவையையே நம் பழம்புலவர் அன்றில் என்றனர் என்று கூறுவாரும் உளர். அன்றில் நெய்தல் நிலத்துக்குரிய புள் என்பதும், நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதும் இலக்கணம் கற்றார் அறிந்தவை. ஹேர்ஸ்ற் நம் திணை மரபை எண்ணி எழுதினார் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் இரங்கலைச் சொல்லப் புகுந்த ஒரு கதை அந்தப் பறவையினிடத்தே சென்று சேர்ந்தது தமிழ் கற்பிப்போனுக்கு வியப்பைத் தராமற் போகாது.

இரண்டாங் கதை ஜேம்ஸ் போல்ட்வின் எழுதிய 'சொனியின் புளூஸ்' என்பது. புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துன்பத்திற் பிறந்த இசைவகை. போல்ட்வின் 1924இல் நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிற் பிறந்து 1987இல் மறைந்தவர். இக்கதை 1957ஆம் ஆண்டு 'பார்ட்டிசன் ரிவியூ' சஞ்சிகையில் வெளிவந்தது. இங்கும் கதை சொல்பவன் தமையனே. அவன் அட்சரகணிதம் கற்பிக்கும் ஆசிரியன். நிலக்கீழ் ரயிலிற் செல்லும்போது, போதைமருந்துக் குற்றத்துக்காகத் தன் தம்பி சொனி கைதானான் என்பதைச் செய்தித்தாளிலே படிக்கின்றான். அன்று வகுப்பிலே மாணவரின் முகங்களைப் பார்க்கும்போது, தம்பியும் ஒரு காலத்தில் இவர்களைப் போன்ற சிறுவனாகத்தானே இருந்தான் என்னும் நினைவு அவனை வாட்டுகின்றது. ஆயினும் நெடுநாள் அவன் தம்பிக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. தன் சிறுமகள் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தபின், தன் துயரமே தம்பியின் துயரத்தை உணர்த்திய பின்னர்தான் எழுதுகின்றான்.

முன்னொரு நாள் தாய் அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தாள். அவன் தந்தைக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதும், குடிவெறியில் வெள்ளையர் சிலர் செலுத்திவந்த வண்டி அவர்மீது ஏறக் கண்ணெதிரிலேயே அவர் மாண்டார் என்பதும், அந்தக் காட்சி தந்தையை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை என்பதும் அன்றுதான் அவனுக்குத் தெரியவந்தன. தம்பியைக் கைவிடாதே, நேர்வதைத் தடுக்க உன்னால் இயலாமற் போகலாம், ஆனால் நீ அருகில் இருக்கின்றாய் என்பதையாவது அவன் அறியட்டும் என்பதே தாய் வேண்டியதன் கருத்து. மகன் வாக்களித்தான், பின் மறந்தான். தம்பி இசைவாணன் ஆகவேண்டுமென்றபோது, அது பிழைப்புக்கு உதவாதென்று அறிவுரை கூறினானேயன்றி, அந்த இசை என்னவென்று ஒருநாளேனும் இருந்து கேட்டானில்லை.

கதையின் முடிவில் அவன் கேட்கின்றான். தம்பி அழைத்தபடி இரவு விடுதி ஒன்றிற்குச் சென்று இருண்ட மூலையில் அமர்கின்றான். தயங்கித் தயங்கித் தொடங்கிய சொனியின் பியானோ மெல்ல மெல்லத் தன் குரலைக் கண்டடைகின்றது. அந்த ஒலியிலே தாயின் முகமும், தந்தையின் தம்பி மாண்ட வீதியும், இறந்த மகளும் தமையனுக்குத் தோன்றுகின்றனர். அங்கே எவரும் மன்னிப்புக் கோரவில்லை, எவரும் வழங்கவுமில்லை. ஆண்டுகள் பல கழித்து ஒருவன் இசைக்கின்றான், மற்றவன் கேட்கின்றான். அவ்வளவே நிகழ்கின்றது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குக. முதற்கதையின் தமையன் அளவுக்கு மீறிச் செய்தான். இரண்டாங் கதையின் தமையன் செய்யவேண்டியதைச் செய்யாதிருந்தான். ஒருவன் தம்பியை இழுத்துச் சென்றான். மற்றவன் விலகி நின்றான். எனினும் குற்றத்தின் வேர் ஒன்றே. உடன்பிறந்தானை உள்ளபடி காணாது, தான் விரும்பிய வண்ணமே காண முற்பட்டமையே அது. இருவரும் கொடியவர் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். அன்பு இருந்தமையாலேயே பின்னர் இரக்கமும் பிறந்தது.

முடிவுகள்தாம் வேறுபடுகின்றன. வள்ளுவர் வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில், பின்னர் இரங்குதற்குரிய செயலைச் செய்யற்க என்கின்றார்; தவறிச் செய்தானாயினும் அத்தகையன செய்யாமை நன்று என்று தொடர்கின்றார். அத்தொடருக்கு உரைகாரர் இருவகையாகப் பொருள் கொள்வர். அதுபோன்ற செயலை மீண்டும் செய்யாமை என்பது ஓருரை. இரங்கிக்கொண்டே இராமை என்பது மற்றோருரை. டூடிலின் தமையனுக்கு முதல் உரை பயன்படாது; மீண்டும் செய்யாதிருக்கத் தம்பி இல்லை. பல்லாண்டு கழிந்தும் அவன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றான். அவ்வாறு சொல்லுதலே அவனுக்கு எஞ்சிய நீர்க்கடன். சொனியின் தமையனுக்கோ தம்பி உயிரோடிருக்கின்றான். ஆதலின் இரக்கம் அங்கே செயலாக மாறுகின்றது. செவிகொடுத்தல் என்னும் செயலாக மாறுகின்றது.

முதற்கதையை ஒருமுறை பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தமிழிலே சொன்னேன். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அவன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?" என்று கேட்டான். வகுப்புக்கு ஏதோ விடை கூறினேன். எனக்கு நான் விடை கூறிக்கொள்ளுதல் எளிதாயிருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், பேசும்போது நாத்தடுமாறும் பையன் ஒருவனைப் பேச்சுப் போட்டிக்குப் பழக்கினேன். அவன் தடுமாற்றம் நீங்கவேண்டுமென்றே பழக்குவதாகப் பிறரிடம் கூறினேன். மேடையில் அவன் நான்காவது வசனத்தில் நின்றுவிட்டான். திரும்பி வரும்போது பேருந்தில் அவன் என் பக்கத்திலேதான் இருந்தான். வழி முழுதும் அவனோடு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் அவன் எந்த மேடையிலும் ஏறியதாக நான் அறியேன். அன்று தோற்றது அவன் அல்லன், என் பெருமையே என்பதை ஒரு கதை எனக்கு உணர்த்தவேண்டியிருந்தது.

ஆசிரியரும் ஒருவகையில் தமையன்மாரே. கல்லூரியும் அவ்வாறே. விழா மலர்களிலே நம் வெற்றிகளை எண்ணி எழுதுகின்றோம், அது தக்கதே. ஆயினும் நாம் வேகமாக ஓடியபோது பின்னே கேட்ட குரல்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஒரு கல்லூரித் தாயின் மக்களாகிய நாம் ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்துக்கொள்வது உண்மையாயின், அக்குரல்களுக்கும் நாம் கடப்பாடுடையோம். பழைய மாணவராகிய அன்பர் இதனைப் படிக்கும்போது, தம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்துப் பின்னர்த் தொடர்பற்றுப்போன ஒருவரையேனும், மனத்தாங்கலாற் பேசாதிருக்கும் உடன்பிறந்தார் ஒருவரையேனும் நினைவுகூர்வராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.

இதனை எழுதத் தொடங்குமுன் அந்த மாணவனின் விலாசத்தைத் தேடிப் பெற்று, அவனுக்கு ஒரு கடிதம் வரைந்தேன். பேருந்திற் பேசாதிருந்ததற்கு வருந்துகின்றேன் என்பதே அதன் சாரம். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிடினும் ஆகுக. அவன் இருக்கின்றான், என் குரல் அவனை எட்டும் தொலைவில் இருக்கின்றான். டூடிலின் தமையனுக்கு வாய்க்காதது எனக்கு வாய்த்திருக்கின்றது. நம்மிற் பலருக்கும் அது இன்னும் வாய்த்தேயிருக்கின்றது.