தறிக்குழியை மூடிடாதீங்க: வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நெசவாளர் வீட்டில் வாலண்டியருக்கு என்ன வேலை?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

மழைக்காலம் வந்தாலே நமக்கு வர்ற மெசேஜ்களில் ஒரு கேள்வி கண்டிப்பா இருக்கும். "எங்க ஃப்ரெண்ட்ஸ் பத்து பேர் ரெடியா இருக்கோம், லீவும் போட்டாச்சு. வீடு இழந்தவங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கணும். எங்க போகணும், என்ன செய்யணும்?" எங்க போகணும் என்பதற்குப் பதில் சுலபம். என்ன செய்யணும் என்பதுதான் இன்றைய எபிசோடு. அதைப் பொதுவாகப் பேசாமல் ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம்: காஞ்சிபுரம்.

ஏன் காஞ்சிபுரம்? பட்டுச்சேலை, கோயில், இட்லி எல்லாம் தெரிந்ததுதான். தெரியாத விஷயம், இந்த ஊருக்கும் வெள்ளத்துக்கும் இருக்கிற பழைய உறவு. ஏகாம்பரநாதர் கோயில் புராணத்தை எடுத்துக்கோங்க. அம்பாள் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து பூஜை செய்யும்போது கம்பையாற்றில் வெள்ளம் வருகிறது. மணல் கரைந்துவிடக் கூடாதே என்று அவள் லிங்கத்தைக் கட்டித் தழுவிக்கொள்கிறாள். திருவெஃகாவுக்குப் போனால் அங்கே இன்னொரு கதை: பிரம்மாவின் யாகத்தை அழிக்க வேகவதி பெருக்கெடுத்து வர, பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்துக்கொள்கிறார். ஒரே ஊரில் இரண்டு பெரிய கோயில்களின் கதையும் வெள்ளத்தைத் தடுப்பது பற்றி! புராணம் வரலாறு ஆகாது, சரி. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு எது பயமாக இருந்தது என்று அது சொல்லிவிடுகிறது இல்லையா?

அந்த வேகவதி இன்னும் ஊருக்குள்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது கொஞ்சம் மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பாதி நாள் சாக்கடை மாதிரி கிடக்கும், நவம்பரில் ஆறு என்று ஞாபகப்படுத்தும். கீழே திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறோடு சேரும். 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. நாம் அதைச் 'சென்னை வெள்ளம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அன்றைக்குத் தாம்பரம், முடிச்சூர் எல்லாமே காஞ்சிபுரம் மாவட்டம்தான். செங்கல்பட்டு பிரிந்தது 2019 நவம்பரில். அப்புறம் 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. சும்மா மணலாகக் கிடந்த ஆறு அது.

சரி, இப்போ வீட்டுக்குள் போவோம். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு பழைய நெசவாளர் வீடு. உள்ளே நுழைந்தால் சோபா இருக்காது, தறி இருக்கும். தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிகளை மிதிப்பார். மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் வரிசையாகத் தொங்கும். எந்த நூல் மேலே எழ வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பதை அந்த அட்டையில் இருக்கும் துளைகள்தான் முடிவு செய்கின்றன. கோர்வை சேலை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். பெரும்பாலும் வீட்டில் இருக்கிற ஒருவர்தான். அதே அறையில்தான் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம்.

அந்தக் குழிதான் பிரச்சினையின் மையம். தெருவில் வெள்ளம் வராமலே இருக்கலாம். நான்கு நாள் விடாமல் மழை பெய்து நிலத்தடி நீர் மேலே வந்தாலே குழியில் தண்ணீர் ஊறிவிடும். வாளியால் இறைத்து ஊற்றினால் மறுநாள் காலையில் திரும்ப நிற்கும். வெளியே இருக்கிறவர் கண்ணுக்கு வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் நிற்கிறது, கூரை இருக்கிறது. ஆனால் தறி நின்றுவிட்டது. அதோடு, பாவை நீளமாகத் தெருவில் கட்டிப் பதம் பார்க்கிற வேலைக்கு வெயில் வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் பட்டு நூல் சொன்னபடி கேட்காது, மரச்சட்டம் ஊதும், ஜரிகை கறுக்கும். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. நெசவாளர் மாதச் சம்பளக்காரர் இல்லை, சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு.

இந்த இடத்தில்தான் நம்ம ஆளுங்க நல்ல மனசோடு ஒரு தப்பைச் செய்துவிடக் கூடும். வீட்டுக்குள் சேறு, நடுவில் அழுக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளம். 'அய்யோ பாவம்' என்று பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, மேலே சிமெண்ட் தரை போட்டு, டைல்ஸும் ஒட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? போட்டோ சூப்பராக இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பட்டறையை நாம் புதைத்திருப்போம்.

இப்படி மாறிப்போன வீடுகளுக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நிரந்தர வீடுகள் கட்ட 2005 மார்ச் 30-ல் அரசு ஓர் ஆணை போட்டது. 300 முதல் 325 சதுர அடி, வீட்டுக்கு சுமார் 1.5 லட்சம் ரூபாய், பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும். நிலம் அரசு தரும், கட்டுவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். பேப்பரில் பார்த்தால் பல விஷயங்கள் நல்ல முடிவுகள், குறிப்பாக அந்த இருவர் பேர் விஷயம். ஆனால் நிறைய இடங்களில் ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் பெட்டிகள் வரிசையாக எழுந்தன. வலை வைக்க, மீன் காய வைக்க, சாயங்காலம் உட்கார்ந்து பேசத் திண்ணை என்று எதற்கும் இடம் இல்லை. பிளாட் போடுவதற்காக நிழல் மரங்களை வெட்டிய ஊர்களும் உண்டு. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு மாதிரி செய்தார்கள். சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அவங்களுக்கு என்ன தேவை என்று கேட்டுத் திட்டம் போட்டார்கள். நேரம் கூடுதலாகத்தான் ஆகும். என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் நேரம்தான் வேலையே, மற்றது கொத்தனார் வேலை.

2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு இதையே ஒரு முறையாக்கினார்கள். வீட்டுக்காரர் கையில் தவணை தவணையாகப் பணம் கொடுத்து, அவரே கட்டிக்கொள்ள, பொறியாளர் தரத்தை மட்டும் பார்ப்பார். இலங்கையின் வடக்கு, கிழக்கில் போருக்குப் பிறகு இந்தியா செய்த 50,000 வீட்டுத் திட்டத்திலும் பெரும்பகுதி இதே வழிதான். ஒரு வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய். அந்த மாதிரித் திட்டத்தில் வாலண்டியர் என்ன செய்வார்? செங்கல் தூக்குவார், பில் சேர்த்து வைப்பார், தனியாக இருக்கிற பாட்டிக்கு பேங்க் வேலை முடித்துக் கொடுப்பார். ஹீரோ வேலை கொஞ்சம் குறைவு.

காஞ்சிக்கே திரும்புவோம். தண்ணீர் வடிந்த முதல் நாள் நீங்க போய் நிற்கிறீங்க என்று வைத்துக்கொள்வோம். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுங்க. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று சுவரில் கோடு இருக்கும். அந்தக் கோடு, குழி, தறி, நனைந்த பாவு, அட்டைகள், எல்லாவற்றையும் வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுங்க. ஏன் என்றால் நிவாரணக் கணக்கெடுப்பு வீட்டைத்தான் பார்க்கும். 2015-ல் அறிவித்தது, குடிசையை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த நிரந்தர வீடுகளில் இருந்தவர்களுக்கு 5,000 ரூபாய். அந்தக் கணக்கில் தறி எங்கே வருகிறது? தறிக்குத் தனியாகக் கேட்க வேண்டுமானால் கைத்தறித் துறையிடமோ, அவர் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுச் சங்கத்திடமோ போக வேண்டும், ஆதாரத்தோடு. நாம் மூன்று மணி நேரத்தில் பளிச்சென்று கழுவிவிட்டால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது, எதையும் நீங்களாகக் குப்பை என்று முடிவு செய்யாதீங்க. ஊறிப்போன அட்டைக் கட்டு ஒன்று மூலையில் கிடக்கும். அது ஒரு முழு டிசைன். காய வைத்து, பார்த்துத் திரும்பக் குத்திக்கொள்ளலாம். தூக்கி எறிந்தால் பார்த்துக் குத்தவும் ஒன்றும் இருக்காது. தறியில் ஏறியிருக்கிற பாவை அறுக்கவே கூடாது. வழக்கமாக ஒரு பாவில் இரண்டு மூன்று சேலைக்கான நூல் இருக்கும். பட்டும் ஜரிகையும் பல சமயம் நெசவாளருடையது கூட இல்லை, முதலாளியோ சங்கமோ கொடுத்தது. அது பாழானால் யார் தலையில் விழும் என்பது ஒரு பெரிய பேச்சுவார்த்தை. அதில் நடுவில் போய் "விடுங்கண்ணா, போனா போகுது" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

சுவருக்கு வருவோம். இங்கே பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவரும் நாட்டு ஓடும் நிறைய உண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் மெதுவாக வெளியே வரும், அதற்கு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். பெயிண்டும் அப்படித்தான். வந்த வேலை முடிந்தது என்று காட்ட ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயிண்ட் அடிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். அடிக்காதீங்க. கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, ஓட்டை மாற்றி, மரச்சட்டங்களை நிழலில் உலர்த்துவதே அந்த வாரத்துக்குப் போதுமான வேலை.

குழியை என்ன செய்வது? விளிம்பைச் சுற்றி ஒரு சின்னத் தடுப்புச் சுவர் எழுப்பினால் தெருத் தண்ணீர் உள்ளே வழிவதைக் குறைக்கும். உள்ளே சிமெண்ட் பூசலாம். ஆனால் ஊற்று கீழிருந்து தள்ளும்போது சும்மா பூசிய தளம் விரிந்துவிடும். விஷயம் தெரிந்த கொத்தனாரும் நீர்த்தடுப்புக் கலவையும் வேண்டும். தரை மட்டத்தையே உயர்த்தி, குழியையும் சேர்த்து மேலே கொண்டுவருவது இன்னும் நல்ல வழி, செலவும் அதிகம், கூரை உயரம் இடிக்கும், தறியைப் பிரித்து மாட்ட வேண்டும். தறியைப் பிரித்து மாட்டுவது யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஊரில் அதற்கென்று கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்க வசூலித்த பணத்தில் அவங்களுக்குக் கூலி கொடுப்பது உங்க பத்து பேரின் உழைப்பை விடப் பிரயோஜனமாக இருக்கலாம்.

உங்க உடம்பையும் பார்க்கணும். கம்பூட், கையுறை இல்லாமல் குழிக்குள் இறங்க வேண்டாம். மெயின் ஸ்விட்சை அணைத்தாச்சா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்க. பாம்பு, தேள் இருக்கும். எலிக்காய்ச்சல் வெள்ளத்துக்குப் பிறகு வருகிற நிஜமான ஆபத்து. 2018-ல் கேரளாவில் வாலண்டியர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது அதற்காகத்தான். மாத்திரையை டாக்டரைக் கேட்டு எடுங்க.

கேரளா என்றதும் சேந்தமங்கலம் ஞாபகம் வருகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிற கைத்தறி ஊர். 2018 ஆகஸ்ட், ஓணம் நெருங்கும் நேரம், விற்பனைக்குத் தயாராக இருந்த துணியெல்லாம் சேற்றில். லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தக் கறைபட்ட சேலைகளைச் சுத்தம் செய்து, வெட்டி, சேக்குட்டி என்ற சின்ன பொம்மையாக்கினார்கள். ஒன்று 25 ரூபாய். ஒரு சேலையில் 300-க்கும் மேல் பொம்மை. பொம்மை செய்ய உட்கார்ந்தது உலகம் முழுக்க இருந்த வாலண்டியர்கள், பணம் நெசவாளர்களுக்கு. எனக்கு இதில் பிடித்தது, கறையை மறைக்கவில்லை. காஞ்சிப் பட்டுக்கு இதை அப்படியே காப்பி அடிக்க முடியாது, சேலையின் விலையே வேறு. நனைந்ததை உடனே குப்பை என்று நினைக்காத புத்தி மட்டும் எங்கேயும் செல்லும்.

கேட்பவர்களில் பலர் எழுப்புகிற இன்னொரு விஷயம்: "நாங்க சின்னப் பசங்க, எங்களை நம்புவாங்களா?" முதல் வாரம் எல்லாரையும் நம்புவாங்க, ஏனென்றால் தெரு முழுக்க வேன் நிற்கும். 2015-ல் ட்விட்டர் ஹேஷ்டேகும் கூகுள் ஷீட்டும் வைத்து எவ்வளவு வேலை நடந்தது என்று நமக்குத் தெரியும். அதே மாதிரி சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் யாருக்கும் வேண்டாத பழைய துணி மலையாகக் குவிந்ததும் தெரியும். மூன்றாவது வாரம் வேன் எதுவும் வராது. அப்போதுதான் குழியில் ஊற்று நின்று, சுவர் காய ஆரம்பிக்கும். உண்மையான கட்டுமான வேலை தை மாதம்தான் தொடங்கும். அதனால் பத்து நாள் லீவை ஒரே மூச்சில் டிசம்பரில் கரைக்காமல், இரண்டு நாள் டிசம்பரில், மிச்சத்தை ஜனவரி, பிப்ரவரிக்கு என்று பிரித்து வைங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. அவங்க போவதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? மாதச் சம்பளம், பி.எஃப்., ஈரமில்லாத தரை. ஆனால் போவதா, தறியில் உட்காருவதா என்பதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். நாம் ஊற்றுகிற ஒரு லோடு கான்கிரீட் முடிவு செய்யக் கூடாது.

கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவர்கள் நிறைய உண்டு. அங்கே குழியை உயர்த்த, சுவரைத் தொட, வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். செலவு செய்து தந்த பிறகு வாடகையை ஏற்றுவதும் நடக்கும். அதனால் வேலை தொடங்கும் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து, இத்தனை வருஷத்துக்கு வாடகை ஏறாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. அந்தத் தாளின் ஒரு காப்பி நெசவாளர் கையில் இருக்கட்டும்.