இல்லறக் கொடுமையும் 'ளரர்' எனும் சட்டக் கருத்தும்

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29. மனச்சோர்வு, கருச்சிதைவு, எடை குறைந்த மகவு என இதன் விளைவுகள் அடுத்த தலைமுறையையும் தொடுகின்றன.

அண்ணலார் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் ஒருபோதும் கைநீட்டி அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். இதை மிம்பரில் உருக்கமாகச் சொல்லும் நாம்தாம், ஜமாஅத் விசாரணையில் "பொறுத்துப் போம்மா" என்று முறையீட்டை முடித்தும் வைக்கிறோம்!

ஹனஃபி மத்ஹபில், கணவனின் கொடுமையைக் காரணமாகக் கொண்டு காழி மணத்தை முறிக்க வழி மிகக் குறுகியது. மாலிக்கி மத்ஹபோ 'ளரர்', அதாவது தீங்கு, நிரூபணமானால் பிரித்துவைக்கிறது. மீள வழியின்றிச் சில பெண்கள் மார்க்கத்தையே துறக்கும் நிலை வந்தபோது, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற ஹனஃபி அறிஞர்களே 1930களில் மாலிக்கித் தீர்ப்புகளைக் கைக்கொண்டனர். அவ்வழியில் பிறந்ததே 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். வழக்கமாக அடிப்பதை மட்டுமன்றி, உடலைத் தொடாமலே வாழ்வைத் துயராக்கும் நடத்தையையும் அதன் 2ஆம் பிரிவு கொடுமை என்கிறது. மணவிலக்கு வேண்டாத பெண்ணுக்கோ, கணவன் வீட்டிலிருந்தவாறே பாதுகாப்பு ஆணை பெற 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.