வருகை வேறு, விற்பனை வேறு

கடைத்தெருவில் கடை வைத்திருப்பவருக்கு, வாங்க வந்தவர் யார், விலை கேட்டுவிட்டு நகர்ந்தவர் யார் என்பது கண்ணாலேயே தெரியும். இணையத்தில் கடை விரித்தவருக்கோ எண்கள்தாம் கண். அவற்றைப் பிழைபடப் படித்தால் கைம்முதலே கரைந்துவிடும்.

சுங்குடிச் சேலை விற்கும் என் அக்கா, ஒரு மாதத்தில் 400 வருகை என்று பூரித்தாள். விற்றதோ 4. விளம்பரத்துக்குக் கடன் வாங்கவும் துணிந்துவிட்டாள். நான் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன்.

கூகுள் அனலிட்டிக்ஸில் வருகை வேறு, வருகையாளர் வேறு. பக்கத்தைத் திறந்தவர் 30 நிமிடம் அதைத் தொடாதிருந்து மீண்டும் தொட்டால், வழக்கமான அமைப்பில் அது புதிய வருகை. ஒருவரே கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்தால் பெரும்பாலும் இரு வருகையாளர். அக்கா தன் கடையைத் தானே நாளைக்கு ஐந்தாறு முறை திறந்து பார்த்ததும் அந்த 400-இல் அடக்கம்!

உண்மையில் நோக்க வேண்டியது வேறோர் எண். சேலையைக் கூடையில் இட்டவர் 20 பேர். பணம் செலுத்தாமல் போனவர் 16 பேர். அஞ்சல் செலவு 90 ரூபாய் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. அதை விலைக்கு அருகிலேயே எழுதச் சொன்னேன். கடன் வாங்கவில்லை.

மறுமாதம் வருகை 230, விற்பனை 7. இவ்வளவு சிறிய எண்களை வைத்து முடிவு கட்டலாகாது என்று வகுப்பில் படித்ததைச் சொன்னேன். அக்கா கேட்பதாயில்லை.