ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றினால் இன்ஜின் ஏன் உதறுகிறது? கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆரோவில்லை ஒட்டி, கிழக்கு கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர் பெரிய முதலியார்சாவடி. இங்கே ஒருவர் பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடத்தில் கியர் பாக்ஸ் போய்விடுகிறது. புது கியர் பாக்ஸுக்கு ஆகும் செலவு, கார் வாங்கிய விலையில் பாதியைத் தொடுகிறது. "விடுங்கண்ணே, புதுப்பேட்டையில பழைய மேனுவல் பாக்ஸ் கிடைக்கும், மாட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக்.

மாட்டியாச்சு, காரும் ஓடுகிறது. ஆனால் மரக்காணம் பக்கம் வேகமாகப் போனால் கியர் லீவர் முதல் சீட் வரை உதறுகிறது. இன்ஜினைத் தொடவே இல்லையே, அப்புறம் ஏன் இந்த அதிர்வு?

கியர் பாக்ஸ் மட்டும் மாறுவதில்லை

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் காரில், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு இருக்கும். மேனுவலாக மாற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, கனமான ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் மாட்ட வேண்டும். இன்ஜின் சுற்றும்போது இவையும் சேர்ந்தே சுற்றும். அதனால் கியர் பாக்ஸை மாற்றும்போது, சுற்றும் எடையும் மாறிவிடுகிறது.

10 கிராம் என்ன செய்யும்?

ஃபிளைவீலின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, ஒரு பக்கத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.-ல் சுற்றும்போது அது சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையில் வெளியே இழுக்கும். அதுவும் நொடிக்கு 50 முறை திசை சுற்றிச் சுற்றி. 6,000 ஆர்.பி.எம்.-ல் அது 40 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஐடிலில் அமைதியாக இருக்கும் கார் ஹைவேயில் உதறுவதற்கு இதுதான் காரணம்.

எல்லா ஃபிளைவீலும் ஒன்றல்ல

பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் தனியாக, ஃபிளைவீல் தனியாக பேலன்ஸ் செய்யப்பட்டிருக்கும். அதே இன்ஜினுக்கான சரியான ஃபிளைவீலை மாட்டினால் பெரிய பிரச்சினை வராது.

சில இன்ஜின்களில் கதை வேறு. மறைமலை நகர் ஆலையில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டில் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. மூன்று சிலிண்டருக்கே உள்ள ஆட்டத்தைக் குறைக்க, இதன் ஃபிளைவீலையும் முன்பக்க புல்லியையும் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை கூட்டி வடிவமைத்தார்கள். "சமமா இல்லையே" என்று லேத்தில் அதைச் சமப்படுத்தினால், அதிர்வு கூடத்தான் செய்யும்.

அமெரிக்காவின் பழைய ஃபோர்டு 5.0 லிட்டர் வி8 இன்ஜினிலும் இதே கதைதான். வெளி எடையின் அளவு 28 அவுன்ஸ்-அங்குலமாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது 50 ஆக மாறியது. ஒன்றின் ஃபிளைவீல் மற்றதில் மாட்டும். ஆனால் 3,000 ஆர்.பி.எம்.-ல் 150 கிலோவுக்கும் மேலான இழுப்பு கிராங்க் பேரிங்கில் விழும். போல்ட் பொருந்துவதால் மட்டும் பேலன்ஸும் பொருந்திவிடாது.

ஏ.எம்.டி. காருக்கு இது பொருந்துமா?

பெரும்பாலும் இல்லை. 2014-ல் மாருதி சுசூகி செலேரியோவில் அறிமுகமான ஏ.எம்.டி. உண்மையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் ஆளுக்குப் பதில் மோட்டார் இயக்குகிறது. ஃபிளைவீலும் கிளட்சும் அதில் ஏற்கெனவே உண்டு.

அதிர்வு எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

* காரை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே உதறினால், சக்கரத்தின் மீது பழி போட வேண்டாம்.
* அதே ஆர்.பி.எம்.-ல் கிளட்சை முழுதாக மிதியுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் ஃபிளைவீல், பிரஷர் பிளேட், முன் புல்லி, இன்ஜின் மவுண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் கிளட்ச் பிளேட் அல்லது கியர் பாக்ஸ் பக்கம் சந்தேகம்.
* நின்றால் இல்லை, ஓடும்போது குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால் வீல் பேலன்ஸ், டிரைவ் ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

டீசல் காரில் குறைந்த வேகத்தில் கடகடவென்று சத்தம் வந்தால், அது பேலன்ஸ் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். பல டீசல் மேனுவல் கார்களில் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃபிளைவீல் இருக்கும். அந்த இடத்தில் சாதா ஃபிளைவீல் போட்டாலும் இப்படிச் சத்தம் வரும்.

சரி செய்ய என்ன வழி?

கழற்றிய ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பேலன்சிங் மெஷின் உள்ள பட்டறையில் அதை ஏற்றினால், எந்தப் பக்கம் எவ்வளவு எடை கூடுதல் என்று தெரியும். அதே அளவைப் புது ஃபிளைவீலுக்குக் கொண்டுவரலாம். ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்தே பேலன்ஸ் செய்து, எந்த நிலையில் மாட்டியது என்று அடையாளம் போடச் சொல்லுங்கள். மேனுவல் மாடலுக்கான மவுண்ட்டையே போடுங்கள்.

"ஓட ஓட சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேலன்ஸ் தப்பிய ஃபிளைவீல் தானாகச் சரியாகாது. போல்ட் தளரும், பேரிங் தேயும், கடைசியில் இன்ஜினுக்கே செலவு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.

எனவே மெக்கானிக்கிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு எந்த ஃபிளைவீல்? ஆர்.டி.ஓ. அலுவலகம் இந்த மாற்றத்தை அனுமதிக்குமா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸையே ரிப்பேர் பார்ப்பதுதான் கடைசியில் மலிவாக முடியும்.