பிற்பகற் கடற்கரை உலா

நாளும் கோளும் பார்த்து, மூட்டை கட்டிப் புறப்படுவது பழைய காலப் பயணம். உண்டு இளைப்பாறிய ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வீட்டிலுள்ள ஒருவர், "கடற்கரைக்குப் போய் வருவோமா?" என்று கேட்க, ஏனையோர் அக்கணமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் பயணமும் ஒன்று உண்டு. கடலை அருகில் உடைய ஊரார்க்கே வாய்த்த பேறு அது. சென்னை வேளச்சேரியில் வாழும் ஒரு குடும்பம் அவ்வாறு கிளம்புகிறது என்று கொள்வோம். வண்டி வாகனம் வேண்டுவதில்லை. புகைவண்டிச் சீட்டுக்குச் சில ரூபாயும் நடக்கக் கால்களும் இருந்தால் போதும்.

அவர்கள் தேர்ந்த பொழுதும் பொருத்தமானதே. தொல்காப்பியர் நெய்தல் நிலத்திற்கு உரிய சிறுபொழுதாக எற்பாட்டைக் கூறினார். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது சாய்தல். ஞாயிறு மேற்றிசையில் சாயும் பிற்பகலே எற்பாடு. கிழக்குக் கடற்கரையில் நிற்பவர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். காலையில் கடல்மேல் எழும் கதிர் கண்ணைக் கூசச் செய்யும். பிற்பகலிலோ கதிர் முதுகுப்புறம் சென்றுவிடும். கடல் தன் நீலம் முழுவதையும் காட்டி நிற்கும்.

மக்கள் 'பறக்கும் ரயில்' என்று பெயரிட்டு அழைக்கும் மேம்பாலத் தொடர்வண்டியில் அவர்கள் ஏறுகின்றனர். 1995-இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய இத்தடம், 2007-இல் வேளச்சேரியை அடைந்தது. அடையாற்றைக் கடந்தபின் சாளரத்தின் வழியே கீழே நோக்கினால் கருநிறமான நீர் தேங்கிய கால்வாய் ஒன்று தெரியும். அது பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் நகரப் பகுதி, 1877–78-ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. உணவின்றி நகர்ப்புறம் வந்து சேர்ந்த ஏழை மக்கள் மண் சுமந்து கூலி பெற்றனர். பின்னர் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. இன்று படகு இல்லை. தொடர்வண்டிப் பாலத்தின் தூண்கள் பல கால்வாயினுள்ளேயே ஊன்றப்பட்டமையால் நீர் செல்லும் வழியும் குறுகிவிட்டது. பசித்தவர் கையால் வெட்டிய நீர்வழிக்கு இந்நிலை வந்தது வருந்தத்தக்கதே.

சேப்பாக்கத்தில் இறங்குகின்றனர். பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊருக்குரிய பெயர். கடல் கண்ணுக்குத் தெரியுமுன்னே ஊர்ப்பெயர் அதன் அண்மையை அறிவித்துவிடுகிறது! வாலாசா சாலை வழியே கிழக்கு நோக்கி நடந்தால் கடற்கரைச் சாலை வந்துவிடும். அங்கே பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க நால்வர் முயலும் உழைப்பாளர் சிலையைக் காணலாம். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பாகிய அது 1959-இல் நிறுவப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டதும், 1923-இல் சிங்காரவேலர் முயற்சியால், இச்சென்னைக் கடற்கரையில்தான்.

சாலையில் வெயில் சுடுகிறது. மணலில் இறங்கியதும் முகத்தில் குளிர்ந்த காற்று வீசுகிறது. இதன் காரணம் யாது? வெயிலால் நிலம் விரைந்து சூடேறும். நீர் மெல்லவே சூடேறும். நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வருகிறது. வெயில் மிகுந்த நாளிலேயே கடற்காற்றும் நன்கு எழுவது இதனாலேயாம். வலிய மேல்காற்று வீசும் கோடை நாள்களில் மட்டும் அது பிந்தி வரும். சில நாள் வராமலே நின்றுவிடும். அந்நாளில் நகரத்தார் படும் புழுக்கத்தைச் சொல்லி முடியாது.

அலையை அடைய நெடுந்தூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது. கால் புதைகிறது, சிறுவர் சலிப்படைகின்றனர். இம்மணற்பரப்பு சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் அகன்றது. ஆயின் இது தொன்றுதொட்டு இருந்ததன்று. சாலையோரம் விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் வட்ட வடிவக் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுப்பப்பட்டது. விவேகானந்தர் 1897-இல் அங்குத் தங்கினார். பனிக்கட்டி வந்திறங்கிய காலத்தில் அலைகள் அக்கட்டடத்திற்கு மிக அண்மையில் மோதின. இன்று அதன் வாயிலில் நிற்பவர்க்கு அலையின் ஓசையும் நன்கு கேட்பதில்லை.

அத்துணை மணலும் எங்கிருந்து வந்தது? சோழமண்டலக் கரையில் மணல் ஓயாமல் பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக் காலத்தில் அது தெற்கே திரும்புகிறது. வடக்கே செல்வது மிகுதி. தெற்கே திரும்புவது குறைவு. இவ்வழக்கம் மாறாதிருந்த காலத்தில், கரை பெற்றதும் இழந்ததும் ஏறத்தாழச் சமமாயின. அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் பொங்கும் அலையினூடே சரக்கையும் மக்களையும் ஏற்றி இறக்கின. அத்துன்பம் நீங்க, 1876-இல் கடலினுள் கற்சுவர் எழுப்பும் பணி தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தும் பணி நிற்கவில்லை.

கப்பலுக்குக் காப்பாக எழுந்த அச்சுவர், மணலின் வழியை மறித்தது. சுவரின் தென்புறத்தில் மணல் தங்கித் தங்கி மேடாயிற்று. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோரம் உலாச் சாலை அமைத்து, இத்தாலி நாட்டு நினைவால் அதற்கு 'மெரீனா' என்று பெயரிட்டார். அலை கொழித்துக் குவித்த மணலைப் பண்டைத் தமிழர் 'எக்கர்' என்றனர். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று இருக்க, அயற்பெயரே நிலைத்துவிட்டது.

தென்புறம் மணல் சேர்ந்த அதே காலத்தில் வடபுறம் கரை தேய்ந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கரைகளுக்குத் தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் வரவில்லை. அலையோ அரிப்பதை நிறுத்தவில்லை. வீடுகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. பின்னர்க் கருங்கற்களைக் குவித்து அரண் செய்தனர். அரண் சாலையைக் காத்தது. மணற்கரையை மீட்டுத் தரவில்லை. மீனவர்க்கு மணற்கரை உலாவும் இடமன்று. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் பரப்பவும் அதுவே முற்றம். கற்குவியலின்மேல் படகை ஏற்றுவது எவ்வாறு? நகரத்தார் காற்று வாங்கும் அகன்ற கரைக்கும், வடசென்னை மீனவர் இழந்த முற்றத்திற்கும் காரணம் ஒன்றே.

அலையோரத்தில் கால் நனைக்கலாம். நீராட இறங்குதல் ஆகாது. இங்கே அடிமணல் சட்டெனச் சரிந்து ஆழமாகும். பின்வாங்கும் நீர் நீந்த வல்லாரையும் உள்ளிழுத்துவிடும். அமைதியாகத் தோன்றும் நாளிலும் இங்கு உயிர்கள் போயிருக்கின்றன. ஆதலின் காவலர் விலக்கும்போது சிறுவர் மறுத்துப் பேசாது கரையேற வேண்டும்.

தெற்கு நோக்கி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தால் கலங்கரை விளக்கம் வந்துவிடும். செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறித் தீட்டிய இவ்விளக்கம் 1977-இல் ஏற்றப்பட்டது. அதற்கு முன் 1894 முதல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது. விளக்கத்தைத் தாண்டினால் நொச்சிக்குப்பம். நாரிழைப் படகுகள் வரிசையாக நிற்க, இடையே ஒன்றிரண்டு கட்டுமரங்களும் காணப்படலாம். கட்டிய மரம் என்னும் இத்தமிழ்ப் பெயரே ஆங்கிலத்திலும் சென்று வழங்குகிறது.

அங்கிருந்து மேற்கே திரும்பிச் சிறிது தூரம் நடந்தால் கலங்கரை விளக்க நிலையம். மேடையில் வண்டிக்குக் காத்திருக்கும்போது சிறுவர் செருப்பைக் கழற்றி மணலை உதறுகின்றனர். அதற்குள் கிழக்கே விளக்கு சுழலத் தொடங்கிவிடுகிறது.